நோய் ஒரு தீர்ப்பா?

ஒரு வாரக் காய்ச்சலில் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் கிடக்கும் ஒருவரைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழும். எங்கோ தொற்றிய வைரஸ் சிறுநீரகத்தை எப்படிக் கெடுத்தது என்பது ஒன்று. அதை மருத்துவரிடம் கேட்கலாம். இத்தனை பேருக்கு வந்துபோன காய்ச்சல் இவரை மட்டும் ஏன் இப்படி வீழ்த்தியது என்பது மற்றது. அதற்கு ஊரில் விடை தயாராகவே இருக்கிறது. எந்த ஜென்மத்துப் பாவமோ என்கிறார்கள். சொல்பவர்கள் கொடியவர்கள் இல்லை, பெரும்பாலும் இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த இரக்கத்துக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: இவர் பட வேண்டியதைத்தான் பட்டார் என்பது அது. முதல் கேள்விக்கு மருத்துவம் கண்டிருக்கும் விடையைக் கவனமாகப் படித்தால், இந்தத் தீர்ப்புக்கு அங்கே இடமே இல்லை என்று தெரியும்.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. இருந்தும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்து, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக விடுகின்றன. உறிஞ்சும் வேலைக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும்; ஆனால் சிறுநீரகத்தின் உட்பகுதி நல்ல நாளிலேயே அரைகுறை ஆக்சிஜனில்தான் காலம் தள்ளுகிறது. கடும் தொற்றில் ரத்த அழுத்தம் சரிந்தால் முதலில் பட்டினி கிடப்பவை அங்குள்ள நுண்குழாய்களே. கடும் டெங்குவில் நாளங்கள் கசிந்து ரத்தத்தின் நீர் வெளியேறுவதால் இது நேர்கிறது. சிலருக்குத் தசை சிதைந்து அதன் புரதம் குழாய்களை அடைக்கிறது. சிலருக்கு உயிர்காக்கக் கொடுத்த மருந்தே சிறுநீரகத்துக்கு நஞ்சாகிறது. 2020இன் தொடக்கத்தில் நியூயார்க் பகுதி மருத்துவமனைக் குழுமம் ஒன்றில் கோவிட்டுக்காகச் சேர்க்கப்பட்ட 5,449 பேரை ஆராய்ந்தபோது, 36.6 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகியிருந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் அது 90 சதவீதத்தை நெருங்கியது. வயது, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சுவாச நிலை ஆகியவை அந்த அபாயத்தோடு சேர்ந்தே வந்தன. நல்லவர், கெட்டவர் என்ற பிரிவு இந்தக் கணக்கில் எங்கும் தலைகாட்டுவதில்லை.

தீங்கு செய்தது யார் என்ற கேள்விக்கும் நேரான விடை கிடைப்பதில்லை. கொரியப் போரில் ஐ.நா. படையினர் சுமார் 3,000 பேரை ரத்தக்கசிவோடு கூடிய ஒரு காய்ச்சல் தாக்கியது; பலருக்குச் சிறுநீர் நின்றுபோனது. அதற்குக் காரணமான ஹான்டான் வைரஸை வயல் எலியிடம் கொரிய விஞ்ஞானி ஹோ வாங் லீ 1976இல் கண்டுபிடித்தார். எலியின் கழிவு காய்ந்து கலந்த தூசியைச் சுவாசித்ததால் வந்த நோய் அது. இந்த வைரஸ் ரத்த நாளச் சுவரின் செல்களுக்குள் குடியேறினாலும் அவற்றைப் பெரும்பாலும் தானே கொல்வதில்லை. அதை விரட்ட எழும் உடலின் எதிர்ப்புச் சக்தியே நாளங்களைக் கசியவிட்டுச் சிறுநீரகத்தை முடக்குகிறது. குற்றவாளி என்று யாரை நிறுத்துவது? எலிக்கு அந்த வைரஸால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. உடலோ தன்னைக் காக்கத்தான் போராடுகிறது. நேர்ந்தது பெருந்தீங்கு, அதைச் செய்ய நினைத்த மனம் எங்கும் இல்லை.

இதைவிடக் கூர்மையான சான்று ஏபிஓஎல்-1 என்ற மரபணுவில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் செட்சி ஈ பரப்பும் உறக்க நோயின் ஒட்டுண்ணிகளை ரத்தத்திலேயே உடைத்துக் கொல்லும் புரதத்தை இது உண்டாக்குகிறது. சில ஒட்டுண்ணி வகைகள் அந்தப் புரதத்திடமிருந்து தப்பிக்கப் பழகின. மரபணுவின் மாறிய வடிவங்கள் அவற்றுக்கும் எதிராக உதவியதால் அம்மக்களிடையே பரவின. பாதுகாப்புக்கு ஒரு பிரதி போதும். தாய் வழியில் ஒன்றும் தந்தை வழியில் ஒன்றுமாக இரண்டும் சேர்ந்துவிட்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. இது 2010இல் தெளிவானது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் 13 சதவீதம் பேர் இப்படி இரண்டு பிரதிகளோடு பிறக்கிறார்கள்; அவர்களிலும் பெரும்பாலோர் சிறுநீரக நோயே இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். ஆனால் எச்.ஐ.வி. போன்ற தொற்று வந்து, அதை எதிர்க்க உடல் இன்டர்ஃபெரானைச் சுரக்கும்போது இந்த மரபணு முடுக்கிவிடப்படுகிறது. ரத்தத்தை வடிக்கும் முடிச்சுகள் நொறுங்கிச் சரிகின்றன. கோவிட்டிலும் இதே சரிவு காணப்பட்டது. எச்.ஐ.வி.யோடு சேர்ந்த இந்தச் சிறுநீரக நோயை மருத்துவ உலகம் 1984இல் பதிவு செய்தது. அதே ஆண்டுகளில்தான் அமெரிக்க மதபோதகர்கள் சிலர் எய்ட்ஸைக் கடவுளின் தண்டனை என்று முழங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தண்டனை என்றதன் ஒரு பகுதி, மூதாதையர் உயிர் பிழைத்ததன் விலை. கூட்டு மருந்துகள் வந்தபின் அந்தச் சிறுநீரக நோய் வெகுவாகக் குறைந்தது. மாத்திரைக்கு அடங்குவதைத் தெய்வத்தின் தண்டனை என்பது தெய்வத்துக்குப் பெருமை சேர்க்காது.

இங்கே வினைக்கொள்கையை நம்புகிறவர் ஒரு நியாயமான மறுப்பை எழுப்பலாம். மரபணுவும் இன்டர்ஃபெரானும் வெறும் கருவிகள். வினை அவற்றின் வழியாகத்தான் வேலை செய்கிறது. எப்படி என்பதற்கான விடை ஏன் என்பதற்கு விடையாகாது என்பார் அவர். தர்க்கத்தில் இதற்கு இடமுண்டு. ஆனால் இதற்கு அவர் கொடுக்கும் விலை பெரிது. நோய் வந்தாலும் வினை, வராவிட்டாலும் வினை, பிழைத்தாலும் வினை என்றால், எது நடந்தாலும் பொருந்துகிற அந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு எதிரே படுத்திருக்கும் ஒருவரைப் பற்றி எதையும் அறிய முடியாது. பாவம் செய்தார் என்று ஊகிக்க அது உரிமை தருவதில்லை. இது வெளியிலிருந்து வந்த எதிர்வாதம் என்று தள்ளிவிடவும் முடியாது. சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் சீவகன் என்ற துறவி, இன்பதுன்பம் எல்லாமே முன்வினையால்தானா என்று புத்தரிடம் கேட்கிறான். பித்தம், கபம், வாதம், இவற்றின் கலப்பு, பருவ மாற்றம், பேணாமை, வெளித்தாக்குதல் என்று ஏழு காரணங்களை அடுக்கிவிட்டு, எட்டாவதாகத்தான் வினைப்பயனைச் சொல்கிறார் புத்தர். எல்லாம் முன்வினையே என்பவர்கள் தாம் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் முடிவு. திருக்குறளும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நில்லாமல் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தது. யோவான் சுவிசேஷத்தில், பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவனோ அவன் பெற்றோரோ செய்த பாவமில்லை என்கிறார் இயேசு.

இரண்டாவது மறுப்பு மதத்தைத் தொடுவதில்லை, அதனாலேயே அதிகம் பேரிடம் செல்லுபடியாகிறது. போன ஜென்மம் கிடக்கட்டும், இந்த ஜென்மத்தில் சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டவர், தடுப்பூசியை மறுத்தவர் தம் நிலைக்குத் தாமே பொறுப்பில்லையா? காரணம் என்ற அளவில் பொறுப்புதான்; அதை மறைப்பது வரப்போகிற நோயாளிகளுக்குச் செய்யும் துரோகம். ஆனால் ஒரு செயலால் விளைந்தது வேறு, அச்செயலுக்குத் தகுந்தது வேறு. ஒரே அலட்சியத்தோடு இருந்த பலரில் ஒருவருக்கு மட்டும் சிறுநீரகம் போகிறது. குற்றம் ஒன்றாயிருக்க, ஒருவருக்கு மரணமும் மற்றவருக்கு மூன்று நாள் காய்ச்சலும் விதிக்கும் நீதிமன்றத்தை நாம் நீதிமன்றம் என்று அழைக்கமாட்டோம்.

இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு டயாலிசிஸின் வரலாறே சாட்சி. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். யாருக்கு இடம் என்பதை முடிவு செய்ய ஏழு பேர் குழு அமைந்தது. வருமானம், திருமண நிலை, கல்வி, வேலை, தேவாலயத்துக்குப் போகும் வழக்கம்வரை அது எடைபோட்டது. லைஃப் இதழ் 1962இல் இதை வெளியிட்டதும் நாடு அதிர்ந்தது. அதற்கும் முன்பே, 1945இல், நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் வேறு பாதையில் போயிருந்தார். அவருடைய செயற்கைச் சிறுநீரகத்தால் பிழைத்த முதல் நோயாளி 67 வயதுப் பெண். நாஜிகளுக்கு ஆதரவாக இருந்ததற்காகச் சிறையில் இருந்தவர். சாகட்டும் என்று நினைக்க அந்த ஊருக்குக் காரணம் இருந்தது. கோல்ஃப் அவர் செய்ததை எடைபோடவில்லை, ரத்தத்தைச் சுத்தம் செய்தார். குற்றத்துக்கான தீர்ப்பு நீதிமன்றத்துக்கு உரியது. சிறுநீரகம் அதை வழங்கும் இடமில்லை என்பதை அந்தச் செயல் சொல்லிவிட்டது. அமெரிக்கா 1972இல் சட்டம் இயற்றி, சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த ஏறக்குறைய அனைவருக்கும் அரசுச் செலவில் சிகிச்சை என்று அறிவித்தபின் தகுதி பார்க்கும் வழக்கம் ஓய்ந்தது.

கடைசி மறுப்புதான் கடினமானது: வினை என்ற ஆறுதலையும் பறித்துவிட்டால் துன்பப்படுகிறவருக்கு என்ன மிஞ்சும்? இதில் உண்மை இருக்கிறது. தனக்கு நேர்ந்ததைப் பழைய கணக்கு என்று ஏற்று மனம் அடங்குகிறவரிடம் அந்த நம்பிக்கையைப் பிடுங்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அது அவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வது. அதையே பக்கத்தில் நிற்பவர் சொன்னால், ஆறுதல் குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. சொன்னவரின் கடமையும் சத்தமில்லாமல் குறைந்துவிடுகிறது. என் துன்பத்துக்கு நான் பொருள் தேடலாம், அடுத்தவர் துன்பத்துக்கு நான் செய்ய வேண்டியது உதவி மட்டுமே. வைரஸ் யாரையும் தேர்ந்தெடுத்துத் தண்டிப்பதில்லை. யாரைக் கைவிடுவது என்று தேர்ந்தெடுப்பது மனிதர்கள்தான், அறத்தின் கேள்வியும் அவர்களை நோக்கியே எழ வேண்டும்.