நகையும் குறையும்

அவைக் கலக்கத்தை ஆற்றுதற்கு நகைச்சொல் நன்மருந்தென்பதை யாம் மறுக்கிலேம். 2008ஆம் ஆண்டு மார்கழி 14ஆந் திகதி, பக்தாத் நகரிலே, நிருபர் ஒருவர் அந்நாளைய அமெரிக்கச் சனாதிபதி ஜோர்ஜ் புஷ் மீது தஞ் சப்பாத்துக்கள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வீசினார். புஷ் குனிந்து தப்பி, அச்சப்பாத்தின் அளவு பத்து என்றார். சினங் கொள்ளாது, தம்மேல் வந்த எறியையே நகைப்பொருளாக்கியது மெச்சத்தக்கதே.

ஆயினும் எறிந்தவர் கூவியது யாது? ஈராக்கின் விதவைகள், அநாதைகள், கொல்லப்பட்டோர் பொருட்டு எறிகின்றேன் என்பது. அதற்கு அந்நகை விடையாகவில்லை. அவரோ ஒன்பது மாதஞ் சிறையிருந்தார்.

வகுப்பிலே மாணாக்கனொருவன் சினந்து புத்தகத்தை எறிந்தால், யாமும் (பிரம்பைச் சற்றே மறந்து) ஒரு நகைச்சொல் கூறி ஏனையோரை அமர்த்துகின்றோம். அமர்த்தியபின் அவனைத் தனியே அழைத்து, "தம்பி, உனக்கு நேர்ந்த குறை யாது?" என்று கேட்டோமா?