பார்த்துக்கொண்டவளுக்கு என்ன பங்கு?

படுத்த படுக்கையாகிவிட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். ராத்திரிக்கும் இதே கணக்குதான். மூக்குக்குழாய் வழியே கஞ்சி ஊற்றும்போது தலை உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். மருத்துவமனையில் இதற்கு ஷிப்ட் முறையில் செவிலியர் உண்டு. வீட்டிலோ பெரும்பாலும் ஒரே ஒரு மருமகள், அல்லது கல்யாணமாகாத மகள். சம்பளம் கிடையாது. 'புண்ணியவதி' என்ற பெயர் மட்டும் உண்டு. அதற்கு யாருக்கும் காலணா செலவில்லை.

இவர்களுக்குப் பணமோ சொத்தில் கூடுதல் பங்கோ தரலாமா என்று பேச்செடுத்தால், பெற்றவர்களைப் பார்ப்பதற்குக் கூலியா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை உரக்கக் கேட்பவர் பல வீடுகளில் துபாயிலிருந்து வீடியோ காலில் "அம்மா சாப்பிட்டாங்களா" என்று விசாரிக்கும் பிள்ளை. உயில் இல்லாத சொத்தை 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பிள்ளைகளுக்குச் சமமாகவே பிரிக்கிறது; பீ மூத்திரம் அள்ளியது யார் என்று அது பார்ப்பதில்லை. கணவன் உயிரோடிருக்கும் மருமகளுக்கு அதில் பங்கே இல்லை. கருமாதி முடிந்து அவள் வாய்திறந்தால், "சொத்துக்காகத்தான் பார்த்தாள்" என்ற பழி வேறு.

2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பார்க்காமல் விட்ட பிள்ளையை விசாரிக்கிறது. பார்த்த பிள்ளையைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதில் 'பிள்ளைகள்' என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. உண்மையில் வேலை செய்கிற மருமகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

எப்படியும் வீட்டில்தானே இருக்கிறாள் என்ற நினைப்பு நமக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டன் 1976-இல் நோயாளியைப் பார்ப்பவருக்கு உதவித்தொகை கொண்டுவந்தபோது, கணவனோடு வாழும் பெண்களை ஒதுக்கிவைத்தது. தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் வழக்குத் தொடுத்தார். 1986-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் நின்ற பிறகே கதவு திறந்தது.

பணம் பாசத்தைக் கெடுக்கும் என்ற வாதத்தைவிட எடை உள்ளது இன்னொரு வாதம்: தொகை கொடுத்துவிட்டால் அந்தப் பெண்ணைக் கட்டிலருகே இன்னும் இறுக்கிக் கட்டிவிடுவோம், 'அதான் காசு வருதே' என்று மற்றவர்கள் கழன்றுகொள்வார்கள். இது நடக்கக்கூடியதே. கேரளத்தின் ஆஸ்வாசகிரணம் திட்டம் வீட்டில் பார்ப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வகுத்தது. அங்கீகாரம் என்ற அளவில் பெரிய காரியம். ஆனால் அந்தப் பணத்தில் மாற்று ஆள் வைத்து ஒரு வாரம் ஓய்வெடுக்க முடியாது. தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே ஆளை அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. அவர் கிளம்பிப் போன பிறகு மிச்சமுள்ள பகலும் இரவும் வீட்டாருடையவை.

ஆகவே முதலில் வேண்டியது, விட்டுவிட்டுப் போய்த் தூங்கிவரும் உரிமை. மறுக்க வழியே இல்லாத இடத்தில் செய்வதைத் தியாகம் என்று புகழ்வது வசதியான பொய். மாற்று ஆளை அனுப்பும் பொறுப்பு அரசுக்கு உண்டு. அதற்கு முன்பே உடன்பிறந்தவர்களுக்கு உண்டு. வர முடியாத அண்ணன் ஆள் வைப்பதற்கான பணத்தை மாதாமாதம் அனுப்பட்டும். அது தங்கைக்கோ தம்பி மனைவிக்கோ தரும் கூலி ஆகாது. அவன் செய்யாமல் விட்ட முறைக்கான ஈடு. பெரியவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே, எல்லாரையும் உட்காரவைத்து இதைப் பேசிவிடுவது நல்லது.