ஃபைலுக்குள் முகத்தைப் புதைக்காதீர்கள்!

மதுரையில் உங்கள் பல்கலைக்கழக அலுவலகக் கவுண்டரில் ஒரு வெளிநாட்டு மாணவர் வந்து நிற்கிறார். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

அவசரமாக ஒரு ஃபைலைத் திறக்கிறீர்கள். போனை எடுத்துக் காதில் வைக்கிறீர்கள். பக்கத்து சீட்டைக் கைகாட்டுகிறீர்கள். எதுவுமே முடியாவிட்டால் இருக்கவே இருக்கிறது, ‘டுமாரோ கம்!’

ஏன்? அந்தப் பிள்ளை மேல் கோபமா? கிடையாது. பயம்! ஒரு இங்கிலீஷ் வார்த்தை பிசகினால் பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிடுவாரே என்ற பயம்!

உங்கள் ‘டுமாரோ’ அவரை என்ன பாடுபடுத்தும் தெரியுமா?

180 நாளுக்கு மேல் தங்கும் விசாவில் வந்த மாணவர், வந்து இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். அதற்கு உங்கள் அலுவலகத்தின் போனஃபைட் சர்டிபிகேட் வேண்டும். நீங்கள் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவருடைய 14 நாளில் கழிகிறது!

உங்கள் வெட்கத்துக்கு அவர் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

‘எனக்கு இங்கிலீஷ் வராதுங்க’ என்கிறீர்கள். வராதா? வரவழைத்தீர்களா?

இதே மதுரைக்கு 1606-இல் ஓர் இத்தாலியர் வந்து சேர்ந்தார். ராபர்ட் டி நொபிலி. அப்போது அவருக்கு வயது 29. தமிழ் படித்தார். தெலுங்கு படித்தார். வடமொழியும் படித்தார்.

மொழியோடு நிறுத்தினாரா? இந்த ஊர் எப்படி உட்காருகிறது, எதைச் சாப்பிடுகிறது, எதைக் கண்டால் முகம் சுளிக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றார். காவி உடுத்தினார். புலால் உணவை விட்டார். தமிழில் உரைநடை நூல்கள் எழுதினார். தத்துவ போதகர் என்ற பெயரும் வாங்கினார்!

சும்மா கிடைத்ததா? அவருடைய சொந்தச் சபைக்காரர்களே எதிர்த்தார்கள். புகார் ரோம் வரை போனது. 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லும்வரை, ஆண்டுக்கணக்கில் சந்தேகத்தின் நடுவிலேயே வேலை செய்தார்.

அவர் மதம் பரப்ப வந்தவர். இங்கிருந்த சாதி வேற்றுமையை அனுசரித்துப் போனவர். அதை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த உழைப்பு? அதற்கு முன்னால் உங்கள் சாக்கு நிற்குமா?

உங்களிடம் யாரும் மூன்று மொழி கேட்கவில்லை. ஐந்தே வாக்கியம்!

உட்காருங்கள். உங்கள் பெயரை எழுதிக் காட்டுங்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். இன்னும் இந்தத் தாள் வேண்டும். வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தயாராக இருக்கும்.

இவ்வளவுதான்! இங்கிலீஷில் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறிப் பல்கலை நகரில் இறங்குவதற்குள் முணுமுணுத்துக்கொண்டே வாருங்கள். திக்கும். திக்கட்டும்! மறுநாளும் திக்கும். மறுபடி சொல்லுங்கள்!

ஒன்று மட்டும் வேண்டாம். புரியவில்லை என்றால் குரலை உயர்த்தாதீர்கள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது!

‘அது என் சீட் இல்லை’ என்பீர்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை, வெளிநாட்டு மாணவர் படிக்கும் நிறுவனங்களில் அவர்களுக்கென்று தனி அலுவலகம் வேண்டும் என்கிறது. நல்லது. போர்டு மாட்டிவிடலாம். ஆனால் அவர் ஹாஸ்டலுக்கு வருவாரே! நூலகத்துக்கு வருவாரே! கேட்டில் வாட்ச்மேனிடம் வழி கேட்பாரே! அங்கெல்லாம் யார் இருக்கிறார்கள்? நீங்கள்தான்!

இங்கிலீஷ் பாதி வேலைதான். மீதியைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எத்தியோப்பியாவிலிருந்து ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் எங்கே என்று அதட்டுகிறீர்கள். அவர் விழிக்கிறார். அவர் ஊர் வழக்கத்தில் தன் பெயர், அடுத்து அப்பா பெயர். அவ்வளவுதான்!

உங்கள் இனிஷியல் என்ன? அதுவும் உங்கள் அப்பா பெயர்தானே! பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது அதே கட்டத்தில் என்ன எழுதுவது என்று நீங்களும் முழித்தீர்கள்தானே! இந்த உலகத்தில் அவர் சங்கடம் புரிய வேண்டிய முதல் ஆள் யார்?

அடுத்து அவருடைய மார்க் ஷீட். ஆண்டு ஏழெட்டு வருஷம் பின்தங்கி இருக்கிறது. போலி என்று முடிவு கட்டிவிடுவீர்களா? அவர்கள் நாட்டு நாட்காட்டியில் ஆண்டுக்கு 13 மாதம். ஆண்டு எண்ணிக்கை நம் ஆங்கில ஆண்டைவிட ஏழோ எட்டோ குறையும். நாமும் 31 கூட்டித் திருவள்ளுவர் ஆண்டு எழுதுகிறவர்கள்தானே! சந்தேகமா? மரியாதையாகக் கேளுங்கள்! கேட்டால் ஒரு நிமிஷம். கேட்காமல் திருப்பி அனுப்பினால் அவருக்கு ஒரு செமஸ்டர்!

நீங்கள் தலையை இருபக்கமும் ஆட்டுகிறீர்கள், சரி என்று. அவர் முடியாது என்று நினைத்துத் திரும்பிப் போகிறார். வாயைத் திறந்து ‘யெஸ்’ சொல்லுங்களேன்!

கல்யாணம் ஆச்சா, என்ன மதம், வீட்டில் என்ன வருமானம் என்று கேட்கிறீர்கள். நமக்கு அது பாசம். அவருக்கு அது விசாரணை. முதல் நாளே வேண்டாம்.

தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பது, நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவது, கேட்காமல் செல்ஃபி எடுப்பது. இதில் விளையாட்டு என்று எதுவும் கிடையாது! 2014 ஜனவரியில் டெல்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ டானியாவின் தலைமுடியைக் கேலி செய்தார்கள். அதில் தொடங்கிய தகராறில் அடிபட்டு அவர் இறந்தே போனார். வெளிநாட்டவர்கூட இல்லை. நம் நாட்டுப் பிள்ளை!

இன்னொருவரையும் பாருங்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், வீட்டிலேயே முதல் பட்டதாரி. கூடவே அம்மா. களை எடுக்கும் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். செலான், கவுன்டர்ஃபாயில், மைக்ரேஷன் என்று நீங்கள் பேசும் அலுவலக பாஷை அந்த அம்மாவுக்கு அந்நிய பாஷை இல்லையா?

வெளிநாட்டுக்காரருக்கு நாற்காலி, நம்ம ஊர்த் தாய்க்கு நின்றே கால் வலிக்க வேண்டுமா? இதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது! அவருக்கும் அதே ஐந்து வாக்கியம்தான். தமிழில் சொல்ல என்ன தடை?

‘ரிட்டயர்மென்டுக்கு நாலு வருஷம்தான் இருக்கு, இனிமே எதுக்கு?’ நாலு வருஷமா! எத்தனை பிள்ளைகள் உங்கள் கவுண்டரைக் கடப்பார்கள்!

இந்த ஊருக்கு அந்நியர் புதிதா? சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாசலில் காவல் நின்றவர்கள் யவனர்கள்! 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும், 1948-இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் கடல் கடந்து வந்தவர்களின் உழைப்பில் எழுந்தவை. 1981-இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு எத்தனையோ நாட்டு அறிஞர்கள் இங்கே வந்தார்கள். அந்த ஊர்க்காரர் நீங்கள், ஒரு மாணவருக்கா அஞ்சுவது?

இதற்கெல்லாம் பயிற்சி வகுப்பு என்று சர்க்குலர் வரும். மதியச் சாப்பாட்டுக்கும் ‘ஆன் டியூட்டி’ ரெஜிஸ்டருக்கும் மட்டும் போகாதீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் ஒளியாதீர்கள்.

முன்வரிசையில் உட்காருங்கள். வகுப்பெடுப்பவரை வெளிநாட்டு மாணவராக நிற்கச் சொல்லி, எல்லார் முன்னாலும் பேசிப் பாருங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! முடித்துவிட்டு, எங்கே தப்பு என்று கேளுங்கள். திருத்திக்கொண்டு இன்னொரு முறை பேசுங்கள்.

சர்க்குலரே வரவில்லையா? பயிற்சி வேண்டும் என்று நீங்களே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். பிரிவிலுள்ள எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, இன்று மாலைக்குள் பதிவாளர் அலுவலகத்தில் கொடுங்கள்!