சிறிய படியால் அளந்த வறுமை

 

அளவில் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் உண்டு, 83ஆவது. கம்போங் ராஜாவில் கடை வைத்திருக்கும் நம்மவர் எவரும் தராசில் விரல் வைப்பவரல்லர் என்றே நம்புகிறேன். ஆனால், அளவு அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுந்தானா? மனிதரையும் அளக்கிறார்களே!

2016ஆம் ஆண்டில் மலேசியாவில் வறுமை 0.4 விழுக்காடு என்று அரசாங்கம் கணக்குக் காட்டியது. ஆயிரம் குடும்பங்களில் நான்கே ஏழைகள்! 1970இல் ஏறக்குறையப் பாதிக் குடும்பங்கள் வறுமையில் இருந்த நாடு வெகுவாக முன்னேறியது மெய்தான். கூட்டல் கழித்தலிலும் பிழையில்லை. பிழை படியில் இருந்தது. மாதம் 980 வெள்ளிக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பமே ஏழை என்று வைத்துக்கொண்டார்கள். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 வெள்ளி. வாடகை, சோறு, பஸ் கட்டணம், மருந்து எல்லாம் அதற்குள்! அரிசி விலை அறிந்த கடைக்காரர் எவராவது இதை ஒப்புவாரா?

2019 ஆகஸ்டில் இங்கு வந்த ஐக்கிய நாடுகளின் நிபுணர் பிலிப் ஆல்ஸ்டன் இதைத்தான் எடுத்துரைத்தார். அப்போது அரசாங்கம் மறுத்தது. ஆயினும் 2020 ஜூலையில் அதுவே எல்லையை 2,208 வெள்ளியாக உயர்த்தியது; திருத்திக்கொண்டதைப் பாராட்ட வேண்டும். உடனே 2019ஆம் ஆண்டின் வறுமை 5.6 விழுக்காடு என்றாயிற்று. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள்! இவர்கள் ஓரிரவில் ஏழையானவர்களா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த செய்தி நாம் கேட்டதே. மேலே உலர்ந்த தானியம். உள்ளே விரலில் ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்பதே நாயகத்தின் கேள்வி. அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. குவித்து வைத்த விதந்தான் பொய்.

இன்னொன்றும் உண்டு. அந்த வறுமைக் கணக்கு குடிமக்களின் குடும்பங்களை மட்டுமே எண்ணுவது. நம் மலையில் கொழுந்து பறிக்கவும் கோசு வெட்டவும் வந்த வெளிநாட்டுத் தொழிலாளர் ஏழையாகவும் அதில் இல்லை, செல்வராகவும் இல்லை.

இதையெல்லாம் நம்மிடம் ஏன் சொல்கிறேன்? ஸக்காத்துக் கணக்குப் பார்க்கும் வேளையில், "இக்காலத்தில் ஏழை எங்கே இருக்கிறான்?" என்று கேட்பவர் நம்முள்ளும் இருக்கிறார். பத்திரிகையில் வந்த விழுக்காடு அவருக்கு நல்ல சாக்கு. அவருடைய கடைப் பற்றுப் புத்தகத்தையே புரட்டட்டும். மாதம் பிறந்ததும் பாதி அடைத்து, பத்தாம் தேதிக்குள் மீண்டும் பழைய தொகைக்கே வந்து நிற்கும் பெயர்கள் எத்தனை? கடனில் முழுகியவரும் ஸக்காத்துக்குரிய எட்டு வகையினருள் ஒருவரன்றோ? அப்பெயர்களை, ஊரறியாமல், பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் இந்த மாதமே சேர்ப்பிக்கலாம்.