தாதியின் உயிர் யார் பொறுப்பு?

மலேசியாவின் முதல் மூன்று கோவிட்-19 நோயாளிகள் 2020 ஜனவரி 25-இல் ஜொகூரில் கண்டறியப்பட்டார்கள். மார்ச் 27-இல், அதே மாநிலத்தின் சிம்பாங் ரெங்கம் வட்டாரத்துக் குடியிருப்புகள் முழுதாக அடைக்கப்பட்டன. பாதுகாப்பு அங்கிகள் போதாமல், தன்னார்வலர்கள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்த காலம் அது.

தொண்டே தெய்வ வழிபாடு என்று நம் சமயங்கள் சொல்கின்றன. அப்படியானால், கவசமில்லாமல் நோயாளியைத் தொடுவதும் தாதியின் தர்மமா?

நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைத் தாங்கிய நிப்பா கிருமி, 2018 மே மாதம் கேரளத்தின் பேராம்பிராவில் பணியாற்றிய லினி என்ற செவிலியரின் உயிரைப் பறித்தது. அவர் நோயாளியைக் கவனித்தபோது அது என்ன நோய் என்றே தெரியாது. அந்த மரணத்தின் முன் தலை வணங்கத்தான் முடியும். ஆபத்து தெரிந்த பிறகும் வெறுங்கையோடு ஒருவரை வார்டுக்குள் அனுப்பினால்? அதை விதி என்று ஏற்க முடியாது. அனுப்பியவர் பதில் சொல்ல வேண்டும். பலன் கருதாத கடமை, செய்பவருக்குச் சொன்ன அறம். அதைக் காட்டி அடுத்தவர் உயிரைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிவிடை செய்பவரையும் மருத்துவத்தின் ஓர் அங்கமாக்குகிறது. ஆகவே அவரைக் காப்பதும் சிகிச்சைதான். என்95 முகக்கவரி முகத்தோடு பொருந்துகிறதா என்று சோதிப்பதும், கிருமி எளிதில் ஒட்டக்கூடிய தருணமான அங்கி கழற்றலை இன்னொருவர் நின்று கவனிப்பதும் சிற்றூர்க் கிளினிக்குக்கும் உரியவை. துப்புரவுத் தொழிலாளருக்கும் உரியவை.