பட்டாம்பூச்சியும் சாணி வண்டும்: பழனி ஆண்டவன் சொல்லும் பதில்

வேலும் மயிலும் துணை!



பழனி பக்கத்துல, மலையடிவாரத்துல எங்க பாலசமுத்திரம். இங்க ஒரு பட்டாம்பூச்சி பறந்தா உடனே போனை எடுத்து ஸ்டேட்டஸ் போடுவோம். அதே பாதையில சாணியை உருட்டிட்டுப் போற வண்டைப் பார்த்தா முகம் சுளிப்போம்.

2019-ல தமிழக அரசு 'தமிழ் மறவன்' பட்டாம்பூச்சியை மாநிலப் பட்டாம்பூச்சியா அறிவிச்சது. சாணி வண்டுக்கு எந்தப் பட்டமும் இல்ல. ஆனா காட்டுல சாணத்தை மண்ணுக்குள்ள புதைச்சு உரமாக்குறது அதுதான். சாணத்துல கிடக்குற விதையும் அப்படியே மண்ணுல சேருது. நாளைக்கு அது செடியாகி பூத்தா, பட்டாம்பூச்சி தேனுக்கு வரும்.

ஆப்பிரிக்காவுல ஒரு வகை சாணி வண்டு, ராத்திரியில பால்வீதியைப் பார்த்துதான் நேரா உருட்டிட்டுப் போகுதுன்னு 2013-ல ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. கால்ல சாணி, பார்வை வானத்துல!

மத்தவங்க எழுதின கோடுல பிழை திருத்துறதுதான் என் வேலை. பாராட்டு வேற யாருக்கோ போகும். "எனக்கு மட்டும் ஏன் முருகா?"ன்னு பல நாள் கேட்டிருக்கேன்.

பதில் மலை மேலயே இருக்கு. ராஜ அலங்காரத்துல ஜொலிக்கிறவனும், கோவணத்தோட ஆண்டியா நிக்கிறவனும் ஒரே தண்டாயுதபாணிதான். நாம நெத்தியில பூசுற திருநீறு எதுல இருந்து வருது? பசுஞ்சாணத்துல இருந்து!

இந்தத் தைப்பூசப் பாதயாத்திரையில செல்ஃபி எடுங்க, தப்பில்ல. அன்னதானம் சாப்பிட்டதும் கீழே கிடக்குற பத்துத் தட்டையும் எடுத்துக் குப்பைத்தொட்டியில போட்டுட்டு நடங்க. யாரும் பார்க்கலைன்னாலும் அவன் பார்ப்பான்.

பழனி முருகனுக்கு அரோகரா!