சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்



அறிவு வளர்ச்சி குன்றிய மகனையோ மகளையோ பெற்ற தாய்தந்தையர் மைசூரு நகரில் நம்மவரிடையேயும் உளர். அவர்தம் நெஞ்சை அரிக்கும் கேள்வி ஒன்றே: "எங்கள் காலத்திற்குப் பின் இப்பிள்ளையை யார் பார்ப்பார்?" பிள்ளைக்கு நாற்பது வயது, தாய்க்கு எழுபது. குளிப்பாட்டிய கைகள் தளர்ந்துவிட்டன. உடன்பிறந்தோர் வேற்றூர் சென்று பிழைக்கின்றனர். இந்நிலையில் ஏதேனும் ஓர் இல்லத்தில் இடம் கிடைத்தாற் போதுமென்று பெற்றோர் கருதுவது இயல்பே. ஆயினும், இடம் கிடைத்தல் வேறு. வாழ்வு கிடைத்தல் வேறு. அவ்வேற்றுமையைத் தம்மத்தின் ஒளியில் ஆராய்வோமாக.

முதற்கண் ஒரு தடையை நீக்குதல் வேண்டும். "முற்பிறப்பில் செய்த வினை, அனுபவிக்கத்தானே வேண்டும்" என்பார் ஊர்தோறும் உளர். நாம் விட்டு வந்த பழைய மொழி இது. மோலியசீவகன் என்னும் துறவி, இன்பதுன்பம் அனைத்தும் பழவினையால் வருவனவே என்னும் கொள்கையைப் பற்றி வினவியபோது, பகவான் அதனை ஏற்றிலர். பித்தம், சிலேத்துமம், வாதம், அம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், பொருந்தா ஒழுக்கம், திடீர்த் தாக்குதல் ஆகியவற்றை எண்ணி, வினைப்பயனை எட்டாவதாகவே வைத்தார். இன்றைய மருத்துவமும் இக்குறைபாட்டிற்குப் பேற்றின்போது நேரும் மூச்சுத் திணறல், மூளைக் காய்ச்சல், கருவுற்ற தாய்க்கு அயோடின் போதாமை முதலிய பல காரணங்களைக் கூறுகின்றது. டவுன் நிலை என்பதற்கு 21-ஆம் குரோமோசோம் ஒன்று மிகுதியாயிருத்தலே காரணமென்பதைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர் 1959-ல் வெளியிட்டனர். இதில் தாயின் பழி எங்கே? பிள்ளையின் பாவம் எங்கே?

இனிச் சுல்லபந்தகர் வரலாற்றை நினைவு கூர்க. நான்கு திங்கள் முயன்றும் ஒரு செய்யுள் அவர் நினைவில் நிற்கவில்லை. மூத்தவராகிய மகாபந்தகரே, "நீ சங்கத்திற்குத் தகுதியற்றவன், வீடு செல்" என்று துரத்தினார். வாயிலில் அழுது நின்றவரைப் பகவான் கைப்பற்றி அழைத்துவந்து, தூய வெண்துணியொன்றைக் கொடுத்து, அழுக்கு நீங்குகவெனச் சொல்லிக்கொண்டே அதனைத் தேய்க்குமாறு பணித்தார். துணி அழுக்கேறியது; நிலையாமை அவருக்கு விளங்கியது. இக்கதையைக் கேட்டு, முயன்றால் எல்லாரும் புலவராவர் என்று கொள்ளற்க. அத்தமையனார் சங்கத்தின் அளவுகோலைக் கொண்டு தம்பியை அளந்தார். ததாகதரோ தம்பியை அறிந்து அதற்கேற்ற துணையைத் தேடினார். பராமரிப்பின் தரம் என்பதற்கு அடிப்படை இதுவே. ஆளை இல்லத்திற்கு ஏற்ப வளைப்பது காவல். துணையை ஆளுக்கு ஏற்ப அமைப்பதே பேணுதல்.

பேணுவோர்க்குரிய தகுதி யாது? வயிற்றுக்கடுப்பால் மலசலத்தில் கிடந்த பிக்குவைப் பகவானே ஆனந்தருடன் நீராட்டிப் படுக்கையில் கிடத்தினார். அந்நிகழ்ச்சியைக் கூறும் விநய பிடகத்து மகாவர்க்கத்தில், நோயாளியைப் பேணுவோர்க்கு ஐந்து தகுதிகள் விதிக்கப்பட்டுள்ளன. அறிவுக் குறைபாடு நோயன்று. எனினும் பிறர் கையை நம்பி வாழ்வோர் அனைவர்க்கும் இவ்வைந்தும் பொருந்தும்.

முதலாவது, மருந்தை ஆயத்தம் செய்யும் திறமை. இவர்களுட் பலர்க்கு வலிப்பும் உண்டு. மாத்திரை ஒரு வேளை தவறினும் தீங்கு விளையும். விழுங்க இயலாதார்க்கு உணவைக் குழைத்து, நிமிர்ந்து அமரச் செய்து ஊட்டத் தெரிதல் வேண்டும். நல்ல மனம் மட்டும் போதாது; பயிற்சி வேண்டும்.

இரண்டாவது, தக்கதும் தகாததும் அறிதல். ஒருவனுக்குக் கூட்டம் அச்சந் தரும், மற்றொருவனுக்குத் தனிமை. எல்லாரையும் ஒரே மணிக்கு எழுப்பி, ஒரே நிறச் சட்டை உடுத்தி, ஒரே தட்டில் உணவிடும் இல்லத்தில் ஒழுங்கு இருக்கலாம், அறிதல் இல்லை.

மூன்றாவது, ஆதாயம் கருதாது அன்பினால் பேணுதல். இதனைக் காட்டிப் பணியாளர்க்குக் குறைந்த கூலி கொடுப்பது அதர்மம். வலிமைக்கேற்ற வேலை, உணவும் ஊதியமும், நோயில் துணை, சுவையான பண்டத்திற் பங்கு, காலத்தில் ஓய்வு என்னும் ஐந்தையும் வேலை கொடுப்போர் கடமையாகச் சிகாலனுக்குப் பகவான் அருளினார். இரவும் பகலும் கண்விழித்த பணிப்பெண்ணிடம் பொறுமையை எங்ஙனம் எதிர்பார்ப்பது?

நான்காவது, மலம், சிறுநீர், எச்சில், வாந்தி ஆகியவற்றுக்கு அருவருப்படையாமை. கதவைச் சாத்தி மானம் காத்துத் தூய்மை செய்தலும் இதன்பாற்படும்.

ஐந்தாவது, உரிய காலத்தில் அறவுரை கூறி உள்ளத்திற்கு ஊக்கம் அளித்தல். ஈண்டு மைசூருவாழ் தமிழர் கருதவேண்டுவது ஒன்றுண்டு. தாயின் தமிழையன்றி வேறு மொழி அறியாத பிள்ளை, கன்னடம் மட்டுமே பேசும் இல்லத்திற் சேர்க்கப்படின், அவன் பேச்சற்றவனாவான். பசியும் வலியும் பிடிவாதமாகத் தோன்றும். தமிழில் உரையாடும் ஒருவரேனும் அங்கே வேண்டும். பேச்சே வாராதவர்க்கும் படமும் சைகையும் மொழியாகும். அவ்வழியைக் கற்பிக்கும் வல்லுநர், 1965-ல் தோன்றி மானசகங்கோத்திரியில் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் உளர். அருகிலுள்ள இவ்வுதவியை நாடாதிருத்தல் நம் குறையேயாகும்.

அன்பர்களே! நம் மணிமேகலைக் காப்பியத்தில், அமுதசுரபியால் பசி தீர்த்த அம்மை, சோழ மன்னனிடம் தனக்கென யாதொன்றும் வேண்டிலள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருகவென்றாள். மன்னனும் இசைந்தான். உண்டியிடுதல் மட்டும் போதாது, அடைபட்ட நிலையும் மாறுதல் வேண்டுமென்பது இதன் கருத்தன்றோ? உண்டியும் உறைவிடமும் உள்ள இடமே சிறையாகவும் இருத்தல் கூடும்.

2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். அவர்கள் மனநோயாளராகக் கொண்டுவரப்பட்டவர்கள். மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு. ஆயினும் சங்கிலி ஒன்றே. வறுமையே காரணமென்று சொல்வீரோ? இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரருகே வின்டர்போர்ன் வியூ என்னும் மருத்துவமனை, ஆளொன்றுக்கு வாரம் ஏறத்தாழ 3,500 பவுன் பெற்றது. அங்கே இத்தகையோர் அடித்துத் துன்புறுத்தப்பட்டதை 2011-ல் தொலைக்காட்சி மறைபடக் கருவியால் வெளிப்படுத்திற்று. 2012-ல் பணியாளர் 11 பேர் தண்டனை பெற்றனர். ஆகவே, பணம் மட்டும் தரத்தைத் தாராது. வெளியார் கண் படாத இடத்தில் நல்லாரும் கெடுவர்.

சட்டம் நம் பக்கம் உள்ளது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை 2006-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு கூறுகின்றது. இந்தியா அதனை 2007-ல் ஏற்றது. சமூகத்தில் வாழும் உரிமையை நமது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு உறுதி செய்கின்றது. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, வயது வந்தோர்க்குக் காப்பாளரை நியமிக்கவும், காப்பாளர் தவறினால் முறையீட்டின்மேல் அவரை நீக்கவும் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு. நியமனம் பெற்றவர் ஆறு திங்களுக்குள் சொத்துக் கணக்கு ஒப்படைத்தல் வேண்டும். பெற்றோர் உயிரோடிருக்கும்போதே இவ்வேற்பாட்டைச் செய்தல் அறிவுடைமை.

நாம் செய்யத்தக்கது யாது? பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் ஓர் இல்லத்திற்கு ஒருவேளைச் சோறு அளித்து, அங்குள்ளாரை வரிசையில் நிறுத்திக் கைகூப்பச் செய்து, படம் பிடித்துத் திரும்புகின்றோம். அன்றைய வயிறு நிறைவது மெய். ஆனால் அத்தானத்தில் நன்றி சொல்ல நிறுத்தப்பட்டவன் யார் என்று நாம் கேட்டதுண்டா? அதனினும் சிறந்த தானம் உண்டு. ஒவ்வொரு விகாரையும் அருகிலுள்ள ஓர் இல்லத்தைத் தேர்க. திங்களுக்கு இருமுறை, முன்னறிவிப்பின்றி, இருவர் செல்க. ஒருவர் பெயரையேனும் அறிந்து நட்புக் கொள்க. "என்ன உண்ண விருப்பம்? எங்கே போக விருப்பம்?" என்று அவரையே வினவுக, விடை வரும்வரை காத்திருக்க. உடலில் காயம் உண்டா, படுக்கை ஈரமா, கதவுக்குப் பூட்டு எப்புறம் என்று பார்க்க. அவரைத் தேவராஜ மார்க்கெட்டிற்கும் பௌர்ணமி வழிபாட்டிற்கும் உடன் அழைத்து வருக. குறை கண்டால் வாளாவிருத்தல் கருணையன்று.

சுல்லபந்தகர் கதையின் எஞ்சிய பகுதியையும் கேண்மின். மருத்துவன் சீவகன் சங்கத்திற்கு விருந்தளித்த நாளில், மகாபந்தகர் தம்பியை எண்ணிக்கையிற் சேர்த்திலர். தான நீர் வார்க்கச் சீவகன் வந்தபோது பகவான் பாத்திரத்தைக் கையால் மூடினார். "விகாரையில் இன்னும் பிக்கு இருக்கின்றார் அன்றோ?" என வினவி, விடுபட்ட அவ்வொருவரை அழைத்துவரச் செய்த பின்னரே விருந்தை ஏற்றார்.

நம் பௌர்ணமிப் பந்தியில் எவரேனும் விடுபட்டனரோ என்று எண்ணிப் பார்ப்போமாக. எல்லா உயிரும் நலம் பெறுக!

நமோ புத்தாய!